நிரலுக்கு ஒரு தேர்வுத்தாள்



தேர்வு என்பது மாணவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். ஒரு கணினி நிரலுக்கே தேர்வுத்தாள் தயாரித்த பேராசிரியர் ஒருவரின் வரலாற்றை இன்று எழுதுகிறேன். ஐ.டி. வேலையில் இல்லாதவர்களும் தயங்காமல் படிக்கலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் டொனால்ட் கனூத். கணினி நிரலாக்கக் கலை பற்றிய இவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1968-இல் வந்தது. அப்போது மோனோடைப் இயந்திரத்தில் ஈய எழுத்துகளால் அச்சுக்கோத்தார்கள். 1977 மார்ச்சில் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்குப் புரூஃப் வந்தது. அது புதிய ஒளியச்சு முறை. எழுத்தும் சூத்திரங்களும் பழைய அழகை இழந்திருந்தன. மனம் நொந்தவர், தாமே ஓர் அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அதுதான் 'டெக்'. ஓராண்டு விடுப்பில் முடிக்க நினைத்தது, ஏறத்தாழ பத்தாண்டு வேலையாயிற்று.

நிரல் பல ஊர்களுக்கும் பல வகைக் கணினிகளுக்கும் பரவியபோது ஒரு கவலை எழுந்தது. ஒரே நூல் ஓர் இயந்திரத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் வரி முறிந்தால் என்ன ஆகும்? பக்க எண் மாறும். பொருளடக்கமும் சொல்லடைவும் பொய்யாகும்.

இதற்கு அவர் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, அளவுகளை முழு எண்களாக வைத்தார். ஓர் அங்குலத்துக்கு 72.27 புள்ளி, ஒரு புள்ளியை 65,536 கூறாக்கினார். வரியை எங்கே முறிப்பது என்பதை முழு எண் கணக்கே முடிவு செய்யும். ஆகவே எந்தக் கணினியிலும் விடை ஒன்றே.

இரண்டாவது, 1984-இல் வெளியான 'டிரிப்' என்னும் சோதனை. அது ஒழுங்கான பாடம் அல்ல. யாரும் எழுதாத கோணல் கட்டளைகள் நிறைந்த கோப்பு. நிரலின் மூலை முடுக்கெல்லாம் ஒருமுறையாவது ஓட வேண்டும் என்பதே நோக்கம். வரும் விடையை, முன்பே சரிபார்த்து வைத்த விடையோடு வரிக்கு வரி கணினியே ஒப்பிடும். இதில் தேறாத நிரலை 'டெக்' என்று அழைக்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி.

தமிழுக்கு இந்த ஒப்பீடு மட்டும் போதாது. 'கொ' என்று தட்டினால் கணினி முதலில் ககரத்தையும் பின்பு ஒகரக் குறியையும் சேமிக்கிறது. பக்கத்திலோ கொம்பு முன்னே வர வேண்டும், கால் பின்னே வர வேண்டும். எண்கள் சரியாக இருந்தும் கொம்பு இடம் மாறி நிற்கலாம். அதனால் இப்போது பக்கத்தையே படமாக்கி, பழைய படத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுகிறார்கள். எழுத்துருவின் பதிப்பு மாறினால்கூட நூற்றுக்கணக்கான பக்கங்கள் 'தவறு' என்று வந்து நிற்கும்; ஆகவே எழுத்துருவையும் மாறாமல் வைத்துக்கொண்டுதான் சோதிக்க வேண்டும்.

இங்கே ஒரு ஆபத்து உண்டு. விடைத்தாளே தவறாக இருந்தால், சோதனை அந்தத் தவறை ஆண்டுக்கணக்கில் காவல் காக்கும். முதல் படத்தை 'சரி' என்று ஒப்புக்கொள்ளும் வேலையை, அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒரு மனிதர்தான் செய்ய வேண்டும்.

கனூத் 1978 முதல் தம் நிரலின் பிழைகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, பின்னர் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். பிழை கண்டுபிடிப்பவருக்குப் பரிசுத் தொகையும் தந்தார், அது 2.56 டாலரில் தொடங்கி 327.68 டாலர் வரை உயர்ந்தது. டெக்கின் பதிப்பு எண் பை மதிப்பை நோக்கி நகர்கிறது; 2021-இல் அது 3.141592653. தம் மறைவுக்குப் பின் யாரும் அதைத் திருத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

மென்பொருள் துறையில் இருக்கும் பிள்ளைகளே, தமிழ்ப் பக்கங்களுக்கு இப்படி ஒரு விடைத்தாள் தயாரிக்கும்போது, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள். புரூஃப் பார்க்கக் கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.