ஸ்லாப்டன் கரையில் கிடைத்தவை

இங்கிலாந்தின் தென்கரையில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களை அடிக்கடி காணலாம். கையில் நீண்ட கோல், அதன் நுனியில் வட்டத்தகடு, காதில் ஒலிவாங்கும் குமிழ்கள். தகட்டிலுள்ள கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் பிறந்து மறுமொழியாகத் திரும்புகிறது. உப்புநீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சாதாரணக் கருவிகள் கடலோரத்தில் ஓயாமல் பொய்க்குரல் எழுப்பும். அதற்கென்று தனிக் கருவிகள் உண்டு. ஆனால் எந்தக் கருவியும் ஓர் ஒலியோடு நின்றுவிடுகிறது. கிடைத்த பொருள் யாருடையது, இங்கே ஏன் கிடக்கிறது என்பதை மனிதர்தாம் கேட்டாக வேண்டும்.

அப்படிக் கேட்ட ஒருவர் கென் ஸ்மால். 1960களின் இறுதியில் டெவன் மாவட்டத்தின் டோர்கிராஸ் என்னும் சிற்றூருக்குக் குடிவந்து விருந்தினர் விடுதி நடத்தியவர். வரலாற்றாசிரியர் அல்லர், படைவீரராக அந்தப் போரைக் கண்டவரும் அல்லர். மனச்சோர்வால் வாடிய நாட்களில் ஸ்லாப்டன் கடற்கரையில் தனியே நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அது மணற்கரை என்பதைவிடக் கூழாங்கற்கரை என்பதே பொருந்தும். புயல் கற்களை வாரிச்சென்ற மறுநாள் அடியில் கிடந்த கனமான பொருட்கள் வெளியே தெரியும். துப்பாக்கி ரவைகள், குண்டுச்சிதறல்கள், சீருடைப் பொத்தான்கள். அமைதியான ஒரு கிராமத்துக் கரையில் அமெரிக்கப் படையின் பொருட்கள் இத்தனை எப்படி வந்தன? பிறகு ஒரு மீனவர், கரையிலிருந்து முக்கால் மைல் தொலைவில் தம் வலைகள் எதிலோ சிக்குவதைச் சொன்னார். மூழ்கிப் பார்த்தபோது, ஏறத்தாழ 60 அடி ஆழத்தில் ஒரு ஷெர்மன் டாங்கி நின்றுகொண்டிருந்தது.

விடையின் ஒரு பகுதி ஊராருக்கு முன்பே தெரியும். 1943 டிசம்பர் 20க்குள் அப்பகுதியைக் காலி செய்யவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏறத்தாழ 3,000 பேர் வீடு, கால்நடை, அறுவடை அனைத்தையும் பெயர்த்துக்கொண்டு வெளியேறினர். 30,000 ஏக்கர் நிலம் ராணுவத்தின் கைக்குப் போயிற்று. காரணம் நிலத்தின் அமைப்பு. சரிவான கரை, அதன் பின்னே ஒரு நன்னீர் ஏரி, இடையில் ஒடுங்கிய நிலத்துண்டு. நார்மண்டியில் யூட்டா என்று பெயரிடப்பட்ட கரைக்குப் பின்னாலும் நீர் தேங்கிய தாழ்நிலம்தான். எனவே அங்கே இறங்கவிருந்த அமெரிக்கப் படை இங்கே ஒத்திகை பார்த்தது. ஒத்திகை என்றாலும் சுடப்பட்டவை உண்மைக் குண்டுகள்.

1944 ஏப்ரல் 28, அதிகாலை இரண்டு மணியளவில் 'டைகர்' என்னும் ஒத்திகைக்காக எட்டுத் தரையிறங்கு கப்பல்கள் லைம் விரிகுடாவில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. காவலுக்கு 'அசேலியா' என்ற ஒரே சிறு போர்க்கப்பல். துணைக்கு வரவேண்டிய 'சிமிட்டர்' முதல்நாள் மோதலில் சேதமடைந்து பிளிமத் துறைமுகத்தில் நின்றுவிட்டது. தட்டச்சுப் பிழை ஒன்றால் காவல்கப்பலும் தரையிறங்கு கப்பல்களும் வெவ்வேறு வானொலி அலைவரிசையில் இருந்தன. ஜெர்மானிய டார்பீடோப் படகுகள் இருளில் நுழைந்தன. 507, 531 என்ற எண்கொண்ட கப்பல்கள் மூழ்கின. 289 சிதைந்து கரை சேர்ந்தது. இறந்தவர்கள் 749 பேர்.

இவர்களில் பலர் குண்டால் மடியவில்லை. மிதவைப் பட்டையை அக்குளுக்குக் கீழே கட்டவேண்டும் என்று அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. முதுகில் இருந்த மூட்டைக்கு இடம் விட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். குளிர்ந்த நீரில் குதித்ததும் மூட்டையின் பாரம் அவர்களைத் தலைகீழாகக் கவிழ்த்தது. உயிர் காக்கும் பொருளே மூழ்கடித்த கொடுமை இது. விடியும் முன் 515ஆம் எண் கப்பல் திரும்பி வந்து பலரை மீட்டது. ஒரு மாதம் கழித்து யூட்டா கரையில் முதல்நாள் இறங்கிய 4ஆம் காலாட்படைப் பிரிவில் இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்ந்து 200ஐத் தொடவில்லை.

இதை 'மறைக்கப்பட்ட சோகம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அன்று ரகசியம் காக்கப்பட்டது உண்மை. கடலில் வீழ்ந்தவர்களுள் படையெடுப்பின் இடத்தை அறிந்த பத்து அதிகாரிகள் இருந்தனர். ஒருவராவது எதிரியிடம் சிக்கியிருந்தால் நார்மண்டித் திட்டமே குலைந்திருக்கும். பத்து உடல்களும் கிடைத்த பிறகே தலைமைக்கு மூச்சு வந்தது. பிழைத்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை. ஆனால் 1944 ஆகஸ்டிலேயே இழப்பு அறிவிக்கப்பட்டது. ஐசன்ஹோவரின் உதவியாளர் ஹாரி புட்சர் 1946இல் வெளியிட்ட நாட்குறிப்பிலும் அது இருக்கிறது. யாரும் பூட்டிவைக்கவில்லை, யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. நார்மண்டி வெற்றியின் வெளிச்சத்தில் ஒரு ஒத்திகையின் சாவுகளுக்கு இடமில்லாமற்போனது. 1954இல் அமெரிக்க ராணுவம் ஸ்லாப்டன் கரையில் ஒரு கல்தூண் நட்டது. நிலத்தைக் கொடுத்த ஊர்மக்களுக்கு நன்றி சொல்லும் தூண். இறந்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பூட்டிவைப்பதைவிட இதுவே கடுமையான மறதி என்று தோன்றுகிறது.

கென் ஸ்மால் அந்த டாங்கியை 1974இல் அமெரிக்க அரசிடமிருந்து 50 டாலருக்கு விலைக்கு வாங்கினார். வாங்குவது எளிது, தூக்குவது எளிதாக இல்லை. பத்தாண்டுகள் ஓடின. 1984 மே மாதம் அது கடலிலிருந்து மேலே வந்தது. கான்வாஸ் துணிச்சுவரை உயர்த்திக்கொண்டு, பின்புற உந்துசுழலிகளால் நீரில் நீந்திக் கரையேறும்படி செய்த வகை அது. 1987இல் அமெரிக்கக் காங்கிரஸின் ஒப்புதலோடு பெயர்ப்பலகையும் வந்தது. அடுத்த ஆண்டு 'மறக்கப்பட்ட இறந்தோர்' என்று பொருள்படும் தலைப்பில் தம் கதையைப் புத்தகமாக எழுதினார். 2004இல் காலமானார்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. அந்த டாங்கி ஏப்ரல் 28 இரவில் மூழ்கியது அன்று. கப்பல்கள் மூழ்கிய இடம் கிழக்கே வெகுதூரம். இதுவோ ஸ்லாப்டன் கரையருகே நடந்த பயிற்சியில் இழக்கப்பட்டது. அவர் கரையில் பொறுக்கியவற்றிலும் பெரும்பாலானவை பயிற்சியின் எச்சங்களாகவே இருந்திருக்கும். சாட்சி வேறு, சம்பவம் வேறு. நம் ஊர் நடுகல்லும் வீரனின் உடல் கிடந்த இடத்தில்தான் நிற்கவேண்டும் என்பதில்லையே. பிழைத்தவர்களும் இறந்தவர்களின் பிள்ளைகளும் வந்து கைவைத்து நிற்க ஓர் இரும்பு கிடைத்தது.

ஆகவே கரையில் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு போய் விற்பவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. எடுத்த இடம் குறிக்கப்படாத பொத்தான் வெறும் பித்தளை. பழம்பொருள் தேடி மெட்டல் டிடெக்டர் எடுத்துச்செல்ல பிரான்சில் அரசின் அனுமதி வேண்டும். கெடுபிடி என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், நியாயம் என்றே நினைக்கிறேன். அதே நார்மண்டியில், ஒமாஹா கரையிலிருந்து 1988இல் ஏர்ல் மெக்பிரைட், டேன் பிகார்ட் என்ற இரு புவியியலாளர்கள் ஒரு சிறு கொள்கலத்தில் மணல் எடுத்துச் சென்றார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் 4 விழுக்காடு வரை குண்டுச்சிதறலின் துகள்கள். அலை உருட்டி முனை மழுங்கிய, துருவேறிய, மணலளவே ஆன இரும்பு. வெடிப்பின் வெப்பத்தில் உருகிய கண்ணாடி மணிகளும் இருந்தன.

டோர்கிராஸ் டாங்கியைத் துரு தின்னாதிருக்கக் கருப்புப் பூச்சு பூசியிருக்கிறார்கள். 2018 மார்ச்சில் 'எம்மா' புயல் அதன் அருகே ஓடும் கடலோரச் சாலையின் ஒரு பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனது.