பெருமந்தம் நம் கரையை எட்டிய வரலாறு

திருகோணமலைக் கப்பல்துறை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்பதை யாவரும் அறிவர். கடற்புயலுக்கு அஞ்சிய கலங்களுக்கு அது புகலிடமாய் விளங்கிற்று. ஆயினும், தொலைதேசத்துச் சந்தையில் எழும் புயலைத் தடுக்க எந்தத் துறைமுகத்தாலும் இயலாது. 1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பெருமந்தம் இவ்வுண்மையை இலங்கைக்கு உணர்த்திற்று.

அம்மந்தம் எவ்வாறு தோன்றியது? அமெரிக்காவில் பங்குகளின் விலை இடையறாது ஏறி வந்தது. மக்கள் சிறு தொகையைக் கையிலிருந்து செலுத்தி, எஞ்சியதைக் கடனாகப் பெற்றுப் பங்குகளை வாங்கினர். தொழில்களின் உண்மையான வருவாயோ அவ்விலைக்கேற்ப உயரவில்லை. 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. அதனையடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. 1930இல் அமெரிக்கா இறக்குமதி வரிகளை உயர்த்தியது. பிற நாடுகளும் அவ்வழியே சென்றமையால் உலக வாணிபம் சுருங்கிற்று.

அக்காலத்தில் இலங்கை தேயிலை, இறப்பர், தேங்காய் ஆகிய மூன்றையும் விற்றே அரிசி வாங்கியது. அமெரிக்க மோட்டார்த் தொழில் தளர்ந்ததும் இறப்பரின் விலை வீழ்ந்தது. மற்றிரண்டும் விலை குன்றின. தோட்டங்களில் வேலை குறைந்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் தலைமன்னார் வழியாகத் தமிழகம் திரும்பினர்.

அடுத்த அடி கடனின் வழியாக விழுந்தது. கொழும்பிலிருந்த ஐரோப்பிய வங்கிகள் உள்நாட்டவர்க்கு நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அவ்வங்கிகளிடம் குறுகிய தவணையில் பணம் பெற்று, தம் முதலையும் சேர்த்து, வணிகருக்கும் நிலவுடைமையாளருக்கும் வழங்கி வந்தனர். மந்தம் வந்ததும் வங்கிகள் கையை மூடின. செட்டிமார் தம் கடனாளிகளை நெருக்க வேண்டியதாயிற்று. ஈடுவைத்த காணிகள் கைமாறின. கொடுத்தவருக்குப் பணம் மீளவில்லை. வாங்கியவருக்கு நிலம் நிலைக்கவில்லை. நியூயோர்க் நகரின் பெயரையே அறியாத குடும்பங்கள் அந்நகரத்துப் பேராசைக்கு விலை கொடுத்தன.

இத்துன்பத்தினின்று சில நன்மைகளும் பிறந்தன. வருவாய் குன்றிய அரசாங்கம் 1932இல் வருமான வரியை விதித்தது. 1933இல் தேயிலைக்கும் 1934இல் இறப்பருக்கும் ஏற்றுமதியை வரையறுக்கும் சர்வதேச உடன்படிக்கைகள் உண்டாயின. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. நாட்டுக்கென ஒரு வங்கி வேண்டுமென்ற கோரிக்கை வலுப்பெற்று, 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது.

பின்னர் 2022இலும் நாடு நெருக்கடியில் வீழ்ந்தது. அதன் காரணங்கள் வேறு. ஆயினும் கடனும் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையுமே அதன் மையம். அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அப்போதும் திருகோணமலையில், சீனன்குடாவை அடுத்து, ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 நின்றன. அவற்றுட் பெரும்பாலானவை பல்லாண்டுகளாகப் பயன்படாதவை. எண்ணெயைக் கொள்ள இடம் இருந்தது. அதனை வாங்கப் பணம் இல்லை.

நேயர்களே, துறைமுகமும் தாங்கியும் ஒரு நாட்டின் செல்வத்தைக் காக்குமேயன்றி, அதனை ஆக்கித் தருவதில்லை. இரண்டொரு பொருள்களை மட்டும் நம்பி வாழ்வதும், திருப்பிக் கொடுக்கும் வழியை எண்ணாது கடன் பெறுவதும் எக்காலத்திலும் ஆபத்தே. அந்த ஆபத்தின் சுமை, கடன் பெற்றுச் செலவிட்டோரைவிட, அதில் ஒரு காசும் காணாத எளியோர் தோளிலேயே பெரிதும் இறங்குகிறது. நாட்டின் கணக்கைக் குடிமக்கள் கேட்டறிய வேண்டுவது இதனாலேயே.