சகிலா மாதிரித் தரவுத்தளம்

சகிலா என்பது மைஎஸ்கியூஎல் கற்போருக்காக உருவாக்கப்பட்ட மாதிரித் தரவுத்தளம். இதில் இருப்பது டிவிடி வாடகைக் கடை ஒன்றின் கற்பனைக் கணக்குவழக்கு. தரவுப் பொறியியல் மாணவர்கள் இதன்மேல் சிறு வலைச் செயலி ஒன்றைக் கட்டி, அதில் சேரும் பதிவுகளைப் பகுப்பாய்வுக் கிடங்குக்குக் கொண்டுசேர்க்கப் பழகலாம்.

தோற்றம்

மைஎஸ்கியூஎல் ஏபி நிறுவனத்தின் ஆவணக் குழுவில் இருந்த மைக் ஹில்லியர் 2005-இல் இதை வடிவமைக்கத் தொடங்கினார். 2006-இல் இது வெளியானது. முன்பு புழக்கத்தில் இருந்த ‘வேர்ல்ட்’ மாதிரியில் மூன்றே அட்டவணைகள். மைஎஸ்கியூஎல் 5.0-இல் வந்த வியூ, ஸ்டோர்டு புரொசீஜர், டிரிகர் போன்ற வசதிகளைக் காட்ட அது போதவில்லை. மைஎஸ்கியூஎல்லின் சின்னமான டால்பினின் பெயரே சகிலா.

அமைப்பு

மொத்தம் 16 அட்டவணைகள். 1,000 படங்கள், 200 நடிகர்கள், 599 வாடிக்கையாளர்கள், 4,581 டிவிடி பிரதிகள், 16,044 வாடகைப் பதிவுகள் உள்ளன. கடைகள் இரண்டு: ஒன்று கனடாவின் லெத்பிரிட்ஜில், மற்றது ஆஸ்திரேலியாவின் வுட்ரிட்ஜில். படத்தின் விவரம் ‘ஃபிலிம்’ அட்டவணையிலும், கடைக்குச் சொந்தமான ஒவ்வொரு பிரதியும் ‘இன்வென்டரி’ அட்டவணையிலும் இருக்கும். 1,000 படங்களில் 42 படங்களுக்குப் பிரதியே கிடையாது. இவ்விரு அட்டவணைகளுக்கும் இன்னர் ஜாயின் போட்டால் அந்த 42-உம் சத்தமில்லாமல் காணாமல் போகும். லெஃப்ட் ஜாயின் எதற்கென்று மாணவருக்கு அங்கேதான் விளங்கும்.

நிறுவுதல்

சகிலாவை நிறுவ இரண்டு கோப்புகள் தேவை: அட்டவணை அமைப்புக்கு ‘ஸ்கீமா’, பதிவுகளுக்கு ‘டேட்டா’. ஸ்கீமாவை முதலில் ஓட்ட வேண்டும். டாக்கரில் நிறுவுவோர் இந்த இடத்தில்தான் தடுமாறுவர். மைஎஸ்கியூஎல் கன்டெய்னர் தன் தொடக்கக் கோப்புறையில் உள்ளவற்றை ஆங்கில அகரவரிசையில் ஓட்டுகிறது. அதன்படி ‘டேட்டா’ முந்திக்கொள்ள, தரவுத்தளமே இல்லை என்ற பிழை வரும். கோப்புப் பெயர்களின் முன் 1, 2 என எண் சேர்த்தால் வரிசை சரியாகும். ஆனால் தரவுக் கோப்புறை காலியாக இருந்தால் மட்டுமே தொடக்கக் கோப்புகள் ஓடும். எனவே முதல் முயற்சியில் உருவான தரவு வால்யூமை நீக்கிவிட்டே மீண்டும் தொடங்க வேண்டும்.

வலைச் செயலி

சகிலாவின் வாடகைப் பதிவுகள் 2005, 2006-ஆம் ஆண்டுகளோடு உறைந்து நிற்பவை. மாறாத தரவை ஒருமுறை நகலெடுத்தால் வேலை முடிந்தது; அதில் தரவுப் பொறியியல் கற்க அதிகம் இல்லை. அதற்கு உயிரூட்டுவது செயலி. பைத்தானின் ஃபிளாஸ்க் போன்ற எளிய சட்டகத்தில் படம் தேட, வாடகைக்குக் கொடுக்க, திருப்பி வாங்க என மூன்று பக்கங்கள் இருந்தால் போதும். வாடகைக்குக் கொடுக்கும்போது பிரதி கையிருப்பில் உள்ளதா என்று பார்த்து, ‘ரென்டல்’, ‘பேமென்ட்’ இரண்டிலும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் பதிய வேண்டும். பாதியில் மின்சாரம் போனாலும் பணம் வாங்காத வாடகை பதிவில் நிற்காது. செயலிக்கு ஒரு பயனர் கணக்கும், தரவை எடுக்கும் நிரலுக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கும் வைப்பது முறை.

தரவு ஓட்டம்

வாடகை அட்டவணையில் ‘லாஸ்ட் அப்டேட்’ என்ற நேரமுத்திரை உண்டு. ஒரு வரிசையின் மதிப்பு மாறும்போதெல்லாம் அது தானே புதுப்பிக்கப்படும். கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுக்க இது உதவும். திருப்பித் தந்த டிவிடி புது வரிசையாக வராது. பழைய வரிசையின் திருப்பிய தேதிதான் நிரம்பும். ஆகவே கிடங்கிலும் அந்த வரிசையைத் திருத்த வேண்டும், இன்னொன்றாகச் சேர்க்கக் கூடாது. நீக்கப்பட்ட வரிசையோ இந்த முறைக்குத் தென்படாது. அதையும் பிடிக்க, மைஎஸ்கியூஎல்லின் மாற்றப் பதிவேடான பின்லாக்கைப் படிக்கும் முறைக்கு மாற வேண்டும்.

பிற வடிவங்கள்

போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லுக்கான வடிவம் ‘பகிலா’. அதில் பேமென்ட் அட்டவணை மாதவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

சரிபார்ப்பு

அதிகப் படங்களில் நடித்தவர் யார் என்பது சகிலாவில் வழக்கமான பயிற்சிக் கேள்வி. பெயரை வைத்துத் தொகுத்தால் 54 படங்களுடன் சூசன் டேவிஸ் முதலில் வருவார். விடை தவறு. அந்தப் பெயரில் 101, 110 என்ற எண்களில் இரண்டு நடிகைகள் இருக்கின்றனர். ஒருவருக்கு 33 படங்கள், மற்றவருக்கு 21. எண்ணை வைத்துத் தொகுத்தால் 42 படங்களுடன் ஜீனா டிஜெனரஸ் முன்னே வருகிறார். முதல் வினவலும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல்தான் ஓடி முடிகிறது. ஆகவே நிரல் ஓடியதையே சான்றாகக் கொள்ளாமல், கிடங்கின் எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிப் படியாக இருக்க வேண்டும்.