வட்டவாளும் பிளவுக்கத்தியும்

1777இல் இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் பெற்ற ஆக்கவுரிமையில் வட்டவாள் இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி அதனை மரத்தொழிலின் பொதுக் கருவியாக்கிற்று. வேகத்துடன் ஆபத்தும் வளர்ந்தது. அறுபட்ட பலகையின் இரு பகுதிகளும் மீண்டும் நெருங்கி வாளின் பின்புறத்தைக் கவ்வுமாயின், அங்கு மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கித் தொழிலாளியை நோக்கி எறியும். பலகையைத் தள்ளிய கையும் வாளிற்படக்கூடும்.

இதற்குரிய பரிகாரம் எளியது. வாளின் பின்னால், அதே நேர்கோட்டில் நிறுத்தப்படும் உருக்குத் தகடே பிளவுக்கத்தி. வாள்தகட்டிலும் சற்றுத் தடித்ததாயும், வாள் அறுத்த இடைவெளியிலும் மெல்லியதாயும் அமையும் அது, அவ்விடைவெளியை மூடவிடாது காக்கும்.

பிரித்தானியாவின் 1922ஆம் ஆண்டு மரவேலை இயந்திர ஒழுங்குவிதிகள் தொழிற்சாலைகளில் இதனைக் கட்டாயமாக்கின. மேசைமட்டத்தில் கத்திக்கும் வாட்பற்களுக்கும் இடையிலான தூரம் அரை அங்குலத்தை விஞ்சலாகாது எனவும் விதித்தன. பழைய வாள்களும் இதற்கமையத் திருத்தப்படவேண்டியனவாயின. 1974ஆம் ஆண்டு விதிகளும் இக்கத்தியை வலியுறுத்தின.

தொழிலாளியின் கவனத்தை மாத்திரம் நம்பியிராது, இயந்திரத்தையும் திருத்துமாறு பணித்தமையே இவ்விதிகளின் வரலாற்று முக்கியத்துவமாகும். களைத்த கை தவறலாம்; பொருத்திய தகடு தன் இடத்தில் நிற்கும்.