ஒதுக்குபவருக்கு இடம் ஒதுக்குபவர் யார்? லினக்ஸ் கெர்னலின் தொடக்கக் கணங்களின் வரலாறு

இயங்குதளங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கெர்னல் இயங்கத் தொடங்கிய பிறகான நிலையிலிருந்தே எழுதுகின்றனர். அதற்கு முந்தைய சில கணங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு.

லினக்ஸ் பௌதிக நினைவகத்தைப் பங்கிடும் முறை, கென்னத் நோல்டன் 1965இல் வெளியிட்ட 'பட்டி' முறையின் வழிவந்தது. அது செயல்பட ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு பதிவு வேண்டும். 64 பிட் கணினிகளில் 4 கிலோபைட் பக்கம் ஒன்றுக்குப் பொதுவாக 64 பைட் பதிவு. 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் பதிவேடு மட்டுமே 256 மெகாபைட் பிடிக்கும். பதிவேடு இன்றி இடம் ஒதுக்க இயலாது. இடம் ஒதுக்காமல் பதிவேடு அமையாது. மரம் முந்தியா, விதை முந்தியா என்னும் பழைய வினாவே இங்கும் எழுகிறது.

1990களின் பதிப்புகள் இதற்கு எளிய விடை கண்டன. நினைவகத்தின் தொடக்க முகவரியும் இறுதி முகவரியும் ஒரு தயார்நிலைச் செயற்கூறிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறின. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, தொடக்க முகவரியை முன்னகர்த்தித் திருப்பித் தந்தது. எடுத்ததைத் திருப்பி அளிக்க வழியில்லை. துண்டு துண்டாகச் சிதறிய நினைவகத்திற்கு அம்முறை ஒவ்வவுமில்லை.

1999இல் இங்கோ மோல்னார் எழுதிய 'பூட்மெம்' அந்த இடத்தை நிரப்பியது. பக்கத்திற்கு ஒரு பிட் என்ற கணக்கில் ஒரு பிட்வரைபடம். முதலில் பொருந்தும் இடமே ஒதுக்கப்படும். 4 ஜிகாபைட்டுக்கு 128 கிலோபைட் போதும். ஆயினும் பழைய சிக்கல் சுருங்கியதேயன்றித் தீரவில்லை: அந்தப் பிட்வரைபடத்தை வைக்கும் இடத்தை முன்கூட்டியே யாரேனும் தேடித் தர வேண்டியிருந்தது.

தீர்வு வேறொரு திசையிலிருந்து வந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் பீட்டர் பெர்க்னர் 2001 ஜூனில் பவர்பிசிக்காக எழுதிய நிரல், பக்கங்களை எண்ணவில்லை. முகவரி எல்லைகளை மட்டுமே குறித்தது. இருக்கும் நினைவகம் ஒரு பட்டியல், ஒதுக்கப்பட்டது மற்றொரு பட்டியல். இவை கெர்னல் கோப்பிலேயே நிலையான அணிகளாகப் பதிந்திருப்பதால், தொடங்குவதற்கு எவரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை. 2008இல் அது பொது நிரலாயிற்று; 2010இல் 'மெம்பிளாக்' என்று பெயர் பெற்றது.

ஆனால் பூட்மெம் உடனே மறையவில்லை. சில கட்டமைப்புகள் அதையே தொடர்ந்து பயன்படுத்தின. மற்றவற்றில் மெம்பிளாக்கின் மேல் பூட்மெம்மின் இடைமுகம் போர்த்தப்பட்டது. 2018 டிசம்பரில் வெளிவந்த 4.20 பதிப்பில்தான் அது முற்றிலும் நீங்கியது.

இந்தத் தாமதத்தை வெறும் சோம்பல் எனக் கொள்ளலாகாது. கெர்னலின் சொந்த இடத்தையோ, தொடக்க ராம்வட்டையோ, ஃபர்ம்வேரின் அட்டவணைகளையோ ஒதுக்கிவைக்கத் தவறினால், அப்பக்கம் பின்னர் வேறொருவர் கைக்குப் போகும். பிழை நேர்ந்த இடம் ஒன்று, வெளிப்படும் இடம் வேறொன்று. திரையில் ஓர் எழுத்துகூடத் தோன்றாத கட்டத்தில் நிகழும் மாற்றத்தை ஒவ்வொரு கட்டமைப்பிலும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். எனவே, மேம்பட்ட முறை தோன்றிய ஆண்டை மட்டும் குறிப்பது தொழில்நுட்ப வரலாறாகாது. பழைய முறை விடைபெற்ற ஆண்டும், இடைப்பட்ட உழைப்பும் அதன் பகுதியே.

மெம்பிளாக் தன் பணி முடிந்ததும் எஞ்சிய பக்கங்கள் அனைத்தையும் பட்டி முறையிடம் ஒப்படைக்கிறது. பல கட்டமைப்புகளில், அதன் கணக்கேடு இருந்த இடமும் அவ்வாறே விடுவிக்கப்பட்டுவிடும்.