குளிரில் ஹூக்கா கரி பத்த மாட்டேங்குதா? அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டு போகாதீங்க!

குவைத், சவுதி பாலைவனங்களில் டிசம்பர், ஜனவரி வந்தாலே கூடாரம் போட்டுத் தங்கும் சீசன்தான். ராத்திரியில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். அங்கே ஷீஷா எனப்படும் ஹூக்காவுக்குக் கரி பத்தவைக்க மின்சார காயில் அடுப்பையும் எடுத்துட்டுப் போறாங்க.

வீட்டுக்குள் சுமார் 10 நிமிடத்தில் சிவந்துவிடும் தேங்காய் சிரட்டைக் கரி, வெளியே அடம்பிடிக்கும். குளிரை விட காற்றுதான் இதில் வில்லன். காயிலின் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். ஜெனரேட்டரில் இருந்து நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தால் வோல்டேஜும் குறையும், வயரும் சூடாகும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைப்பு வைத்து, கரியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பொறுமை இழந்து அடுப்பைக் கூடாரத்துக்குள் தூக்கிட்டுப் போனால்தான் ஆபத்து. கரன்ட் அடுப்புதானே, என்ன ஆகிடப் போகுது என்று தோன்றும். ஆனால் கார்பன் மோனாக்சைடு வருவது கரியில் இருந்து. சாம்பல் பூத்த பிறகும் வரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே வந்துடணும். தூங்கிவிட்டால் இந்த அறிகுறிகூட தெரியாது. குவைத்தில் அவசர உதவிக்கு 112, சவுதியில் சிவில் டிஃபென்ஸ் எண் 998.