துட்டிக்கு முந்திய மாதங்கள்: சங்கரன்கோவில் வட்டாரத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சையும் குடும்பத் துயரும்

உயிருக்கு ஆபத்தான நோயால் வருந்துவோரின் வலியைத் தணிப்பதோடு, அவர்களைச் சார்ந்த குடும்பத்தையும் கவனிப்புக்கு உரியதாகக் கொள்ளும் மருத்துவமுறையே நோய் ஆதரவுச் சிகிச்சை எனப்படுகிறது. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், உடல் நோவோடு மனம், உறவு, நம்பிக்கை ஆகியவை சார்ந்த வேதனைகளையும் ஒன்றாகக் கொண்டு அதனை ‘முழு வலி’ என வகுத்தார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இச்சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. எனினும் அதன் பயன் மாத்திரை, புண்கட்டு, சிறுநீர்க்குழாய் மாற்றம் என்ற அளவிலேயே பெரிதும் பேசப்படுகிறது. குடும்பத்தின் துயருக்குத் துணைநிற்க வேண்டிய காலம் மரணத்துக்குப் பிந்தியதாக இருப்பதைவிட முந்தியதாகவே சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இருக்கிறது என்பதும், அத்துணையின் நோக்கம் குடும்பத்தார் அனைவரையும் மனம் திறந்து பேசவைப்பதாக இருக்க வேண்டியதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மரணம் நேர்ந்தபின் இப்பகுதியில் எவரும் தனித்து விடப்படுவதில்லை. இறந்தவரை நீராட்ட நீர்மாலை எடுப்பது யார், கோடி போடுவது யார், எந்த உறவினர் எப்போது வரவேண்டும் என்பன சாதிக்குச் சாதி வேறுபட்டாலும் முன்பே வரையறுக்கப்பட்டவை. பதினாறாம் நாள் விசேஷம் வரை துட்டி (இறப்புத் துக்கம்) கேட்க வருவோரால் வீடு நிறைந்திருக்கும். ஒப்பாரியில் பெண்கள் இறந்தவரைப் புகழ்வதோடு நிற்பதில்லை. சீர் செய்யாத அண்ணனையும், கஞ்சிக்கு அலையவைத்த மாமியாரையும் ஊர் கேட்கப் பாட்டில் வைத்து இழுக்கிறார்கள், அதற்காக அன்று எவரும் சண்டைக்கு வருவதுமில்லை.

மரணத்துக்கு முந்திய மாதங்களுக்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ மருத்துவர் சொன்ன முடிவை மகன் தன்னோடு வைத்துக்கொள்கிறான்; நோயாளிக்கு ‘வயித்துப்புண்’ என்று சொல்லப்படுகிறது; அவரோ தெரிந்தும் தெரியாதவராகப் படுத்திருக்கிறார். விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் வீட்டில் தறி நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும் என்பதால், கட்டிலருகே அமரும் பொறுப்பு பெரும்பாலும் மருமகள்மேல் விழுகிறது. மலம் அள்ளுவதும், இரவில் மாத்திரை கொடுப்பதும் அவள். மேற்கொண்டு சிகிச்சை வேண்டுமா என்று கூடிப் பேசும்போது அவளை யாரும் கேட்பதில்லை. சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண்ணை நெற்றியில் இடுவதும் வலிமாத்திரை விழுங்குவதும் அங்கே முரண்படுவதில்லை. அந்த மண்ணைக் கண்டு முகம் சுளிக்கும் செவிலியருக்கு, அதன்பின் அந்த வீட்டில் எந்தச் செய்தியும் கிடைக்காது.

இந்நிலையில் குடும்பச் சிகிச்சை, அதாவது தனியொருவரை விட்டு உறவுகளின் போக்கையே கவனிக்கும் முறை, எவ்வளவு பொருந்தும்? மனநல மருத்துவர் டேவிட் கிசேனும் அவருடைய குழுவினரும் மெல்போர்னில் 81 குடும்பங்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி உயிரோடிருக்கும்போதே குடும்பத்தை ஒன்றாக அமர்த்திப் பேசவைக்கும் முறை சோதிக்கப்பட்டது. ஒட்டுமொத்தப் பயன் மிதமானதாகவே இருந்தது. பகை முற்றிய குடும்பங்களில் மோதல் பெருகிவிடாமல் எச்சரிக்கை தேவை என்றும் அவ்வாய்வு கூறியது. 170 குடும்பங்களைக் கொண்ட கிசேன் குழுவின் 2016ஆம் ஆண்டு ஆய்வோ, பத்து அமர்வுகள் கிடைத்தபோது, பேச்சுக் குறைந்த குடும்பங்களும் மோதல் மிகுந்த குடும்பங்களும்கூடப் பயனடைந்ததைக் காட்டியது. எனவே மௌனமான வீடு உதவிக்கு அப்பாற்பட்டது என்று கொள்வது தவறு. ஆனால் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் பத்து அமர்வுகளை, வட்டாரம் முழுவதும் சுற்றும் செவிலியரிடம் எதிர்பார்க்க முடியாது. சொத்துப் பங்கீடு நிலுவையில் உள்ள வீட்டில் அண்ணன் தம்பியைக் கூட்டிவைத்து அரைகுறையாகப் பேசவிடுவது, பேசாமல் விடுவதைவிடக் கேடானது.

குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக்கும் மரபு இந்தியாவுக்குப் புதிதன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் நோயாளிகளோடு உறவினரையும் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடனிருப்பதை வழக்கமாக்கியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம், பின்னர் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பியது. அம்மாதிரியை அப்படியே பெயர்த்து நடுவதில் ஒரு சிக்கல் உண்டு: வீட்டார் மறைக்க விரும்புவது பெரும்பாலும் அதே தெருவாரிடமிருந்துதான். வேறு ஊரிலிருந்து வரும் செவிலியரிடம் மருமகள் சொல்லக்கூடியதை அடுத்த வீட்டுத் தன்னார்வலரிடம் சொல்லமாட்டாள்.

ஆகவே செவிலியர் முதலில் பராமரிப்பவரோடு தனியே பேசுவதும், நோயாளிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்பதும், தேவைப்பட்டால் இருவரை மட்டும் சேர்த்துப் பேசவைப்பதும் நடைமுறைக்கு உகந்தவை. மரணத்துக்குப் பின் செல்ல வேண்டிய வருகையைக் கூட்டம் கலைந்த பிறகே வைக்க வேண்டும். நீடித்த துயரக் கோளாறு என்பது, இழப்பின் ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கும் நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பகுப்பு இதனைக் கணிக்க ஆறு மாதங்களேனும் கடந்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. அந்த ஓராண்டு முடியும்போது தலைத்திவசத்துக்கு உறவினர் மீண்டும் கூடுவர். விசேஷம் முடிந்து திவசம் வரும்வரை யாரும் வராத இடைக்காலத்தில், குறைந்தது ஆறாம் மாதத்தில் ஒருமுறையேனும், செவிலியர் அந்த மருமகளைப் பார்த்துவருவதைத் திட்டத்தின் பணியாகவே எழுதிச் சேர்க்கலாம்.